அழைப்பிதழும் அளவுகோலும்

ஓர் அழைப்பிதழ் உங்கள் கைக்கு வருகிறது. அதை எவ்வளவு நேரம் பார்ப்பீர்கள்? பெரும்பாலும் சில விநாடிகள்தாம். என்ன நிகழ்ச்சி, எப்போது, எங்கே என்ற மூன்று வினாக்களுக்கும் விடை கிடைத்துவிட்டால் அதை மேசைமேல் வைத்துவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். விடை கிடைக்காவிட்டால் என்ன ஆகும்? நிகழ்ச்சியையே மறந்துவிடலாம். அல்லது நாளையோ நேரத்தையோ தவறாகப் படித்துவிட்டுப் பூட்டிய கதவின்முன் போய் நிற்கலாம்.

இது மிகச் சிறிய சிக்கல்தான். ஆனால் இந்தச் சிறிய சிக்கலை ஏறக்குறைய ஓர் அறிவியல் சிக்கலைப் போலவே எடுத்துக்கொண்டு, அளவுகோலும் கோணமானியும் கொண்டு ஆராய்ந்த ஒரு கூட்டத்தார் இருந்தனர். சுவிட்சர்லாந்தின் சூரிச், பாசல் நகரங்களில் பணியாற்றிய அச்சுக்கலைஞர்கள் அவர்கள். 1950ஆம் ஆண்டுகளில் அவர்கள் வளர்த்தெடுத்த முறைக்குச் 'சுவிஸ் பாணி' என்று பெயர்; 'அனைத்துலக அச்சுக்கலைப் பாணி' என்றும் அதனைக் கூறுவர். வடிவமைப்புக் கண்காட்சி ஒன்றுக்கு அழைப்பிதழ் தயாரிப்பவர் இன்றும் இந்தப் பாணியைத் தேடிப் போவது வழக்கம். ஆனால் ஈய எழுத்துகளின் காலத்தில் பிறந்த பாணி அது. இன்றோ அதே அழைப்பிதழ் தாளிலும் வருகிறது, கைப்பேசியின் திரையிலும் வருகிறது. இந்தப் பாணியைப் புதுப்பிக்கும்போது எதை மாற்றலாம், எதை மாற்றக் கூடாது?

'இயற்பியல் ஆசிரியனுக்கு அச்சுக்கூடத்தில் என்ன வேலை?' என்று நீங்கள் கேட்கலாம். கோணம், விகிதம், ஒளி, கண் ஆகிய நான்கும் இந்தக் கதையில் வருகின்றன. ஆகவே எனக்கும் இங்கே கொஞ்சம் வேலை இருக்கிறது.

சுவிஸ் பாணி என்பது என்ன?

சுவிட்சர்லாந்தின் பெரிய மொழிகள் மூன்று: ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலி. ரோமான்ஷ் என்ற நான்காவது மொழியும் 1938-இல் தேசிய மொழியாக ஏற்கப்பட்டது. ஒரே அறிவிப்பை இரண்டு மூன்று மொழிகளில் ஒரே தாளில் அச்சிட வேண்டிய தேவை அங்கே அடிக்கடி ஏற்படும். ஒரு மொழி உயர்ந்தும் மற்றொன்று தாழ்ந்தும் தோன்றக் கூடாது. ஒரு மொழியைப் படிப்பவரின் கண், வழிதவறி அடுத்த மொழிக்குள் புகுந்துவிடவும் கூடாது. ஒழுங்கான பத்திப் பிரிவு அங்கே அழகுக்காக மட்டும் ஏற்பட்டதன்று என்பது இதிலிருந்து விளங்கும்.

சூரிச் கலைத்தொழிற் பள்ளியில் எர்ன்ஸ்ட் கெல்லர் 1918-இல் ஆசிரியப் பணியைத் தொடங்கினார். வடிவமைப்பாளன் தன் விருப்பம்போல் ஒரு பாணியைத் திணிக்காமல், செய்தியிலிருந்தே தீர்வைக் கண்டுபிடிக்க வேண்டும் என்பது அவருடைய போதனை. அவருக்குப் பின் வந்தவர்களுள் சூரிச்சின் யோசெஃப் முல்லர்-புரோக்மன், பாசலின் எமில் ரூடர், ஆர்மின் ஹோஃப்மன் ஆகியோர் முதன்மையானவர்கள். இவர்களுள் ஹோஃப்மன் 1965-இல் அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்துக்கும் வந்து பாடம் நடத்தியவர்.

இவர்களின் பாணிக்குச் சில வெளிப்படையான அடையாளங்கள் உண்டு. எழுத்துகளின் முனையில் சிறு குறுக்குக் கோடுகள் இரா. அவை மொட்டையாக முடியும். வரிகள் யாவும் இடப்புறம் ஒரே நேர்கோட்டில் தொடங்கும். வலப்புறம் அவை முடியும் இடத்தில் முடியும். நடுவில் கோத்த வரிகள் இல்லை, பூவேலையும் இல்லை. தாளின் ஒரு பெரும் பகுதி வெறுமையாகவே விடப்பட்டிருக்கும்.

எழுத்து வகைகளுள் மிகவும் பெயர்பெற்றது ஹெல்வெட்டிகா. பாசலுக்கு அருகே மூன்ஷென்ஸ்டைன் என்ற ஊரிலிருந்த ஹாஸ் எழுத்து வார்ப்பகத்தில், எட்வார்ட் ஹோஃப்மனின் மேற்பார்வையில் மாக்ஸ் மீடிங்கர் இதை வரைந்தார். 1957-இல் வெளிவந்தபோது இதன் பெயர் 'நொயெ ஹாஸ் குரோட்டெஸ்க்'. 1960-இல்தான் சுவிட்சர்லாந்தின் இலத்தீன் பெயரான 'ஹெல்வெட்டியா'வை ஒட்டி ஹெல்வெட்டிகா என்று பெயர் மாற்றினர். அதே 1957-இல் ஏட்ரியன் ஃப்ருட்டிகர் என்ற சுவிட்சர்லாந்துக்காரர் வரைந்த 'யூனிவர்ஸ்' எழுத்து பாரிசில் வெளியாயிற்று.

மொட்டை எழுத்து, இடப்புற ஒழுங்கு, வெற்றிடம் ஆகியவை வெளித்தோற்றங்களே. நோய்க்கு அறிகுறி இருப்பதுபோல் பாணிக்கும் அறிகுறி உண்டு. அறிகுறியைப் படியெடுப்பவர் பாணியைக் கற்றவராகிவிட மாட்டார். உள்ளே இருப்பது கணக்கு. அதை முதலில் தாளிலிருந்தே தொடங்கிப் பார்ப்போம்.

தாளின் கணக்கு

ஓர் ஏ4 தாளை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் அகலம் 210 மி.மீ.; உயரம் 297 மி.மீ. குறுக்கே சரிபாதியாக மடியுங்கள். இப்போது கிடைப்பது 148 மி.மீ.க்கு 210 மி.மீ. அளவுள்ள ஏ5. இரண்டுக்கும் உயரத்தை அகலத்தால் வகுத்துப் பாருங்கள். இரண்டு முறையும் ஏறத்தாழ 1.414 கிடைக்கும். இது 2-இன் வர்க்கமூலம். எத்தனை முறை மடித்தாலும் வடிவம் மாறாத ஒரே செவ்வகம் இதுதான்.

அச்சுக்கலையின் கதையில் இவ்விடத்தில் ஒரு வேதியியல் அறிஞர் குறுக்கிடுகிறார். 1909-இல் நோபல் பரிசு பெற்ற வில்ஹெல்ம் ஓஸ்வால்ட், உலகத்துக்கெல்லாம் பொதுவான தாள் அளவுகளை இந்த விகிதத்தில் அமைக்க வேண்டும் என்று 1911-இல் முன்மொழிந்தார். அவருடைய வரிசை ஒரு சென்டிமீட்டரில் தொடங்கி, படிக்குப் படி 2-இன் வர்க்கமூலத்தால் பெருகிச் செல்லும். அந்த வரிசையில் 90.5 செ.மீ.க்கு 128 செ.மீ. என்ற அளவு சுவிட்சர்லாந்தின் சுவரொட்டிகளுக்கு உரிய அளவாக நிலைத்துவிட்டது. 128 என்பது 2-இன் ஏழாம் அடுக்கு என்பதைக் கவனியுங்கள். ஏ4, ஏ5 முதலிய அளவுகள் 1922-இல் ஜெர்மன் தர நிர்ணயமாக வெளிவந்தவை. அவற்றுக்கும் அடிப்படை இதே விகிதம்தான்.

இதனால் என்ன பயன்? சுவரொட்டியைச் சுருக்கினால் அப்படியே அழைப்பிதழாகும். எதையும் வெட்ட வேண்டியதில்லை. புதிதாக ஒட்ட வேண்டியதும் இல்லை.

கண்ணுக்குத் தெரியாத கட்டங்கள்

இப்போது தாளுக்குள் நுழைவோம். சூரிச் நகரில் ஒரு வடிவமைப்புக் கண்காட்சி நடக்க இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்கு ஏ5 அளவில் ஓர் அழைப்பிதழ் வேண்டும். முல்லர்-புரோக்மன் 1981-இல் தம் நூலில் விரிவாக விளக்கிய முறை, தாளை முதலில் கட்டங்களாகப் பிரித்துக்கொள்வது. அந்தக் கோடுகள் அச்சில் வாரா. கட்டடத்துக்கு உள்ளே மறைந்திருக்கும் இரும்புக் கம்பிகளைப் போல அவை பக்கத்தைத் தாங்கி நிற்கும்.

நாமே போட்டுப் பார்க்கலாம். அகலம் 148 மி.மீ. இரு பக்கமும் 10 மி.மீ. ஓரம் விட்டால் மீதி 128 மி.மீ. இதை மூன்று பத்திகளாக்கி, நடுவே 4 மி.மீ. இடைவெளிகள் இரண்டு விடுவோம். 128-இலிருந்து 8 போக 120. ஒவ்வொரு பத்தியும் சரியாக 40 மி.மீ.

உயரம் 210 மி.மீ. மேலும் கீழும் 10 மி.மீ. விட்டால் 190. ஒரு வரியின் அடியிலிருந்து அடுத்த வரியின் அடி வரை 5 மி.மீ. என்று வைத்துக்கொண்டால் 38 வரிகள் கொள்ளும். இதை மேலிருந்து கீழாக மூன்று அடுக்குகளாக்க வேண்டும். அடுக்குகளுக்கு இடையே ஒவ்வொரு வரி வெறுமையாக இருக்க வேண்டும். வெறும் வரிகள் இரண்டு போக 36. ஓர் அடுக்குக்கு 12 வரிகள். மிச்சமில்லாமல் வகுபடுகிறது! ஆக மொத்தம் ஒன்பது கட்டங்கள். ஒவ்வொன்றும் 40 மி.மீ. அகலம், 60 மி.மீ. உயரம்.

இனிப் படம், தலைப்பு, நாள், இடம் ஆகிய ஒவ்வொன்றும் ஏதேனும் ஒரு கட்டத்தின் மூலையில்தான் தொடங்க வேண்டும். அப்படிச் செய்தால், ஓர் இடத்தில் தொடங்கும் வரியும் தொலைவில் தொடங்கும் இன்னொரு வரியும் ஒரே நேர்கோட்டில் நிற்கும். கண் அந்த நேர்கோட்டைத் தானாகவே உணர்ந்துகொள்கிறது. அடுத்த செய்தி எங்கே இருக்கும் என்பதை ஊகிக்கிறது. தேடும் நேரம் குறைகிறது.

கட்டம் என்றால் சலிப்பு என்று எண்ண வேண்டா. சூரிச் டோன்ஹாலே இசையரங்குக்காக முல்லர்-புரோக்மன் 1955-இல் செய்த பீத்தோவன் சுவரொட்டி உலகப் புகழ் பெற்றது. அதில் பீத்தோவனின் முகம் இல்லை, இசைக்கருவியும் இல்லை. ஒரு மையத்தைச் சுற்றிச் சுழலும் கரிய வட்ட வில்கள் மட்டுமே இருக்கின்றன. அதை ஆராய்ந்தவர்கள், வட்டம் 32 சம கோணங்களாக, அதாவது 11¼ பாகைகளாகப் பிரிக்கப்பட்டிருப்பதையும், வில்களின் தடிமன் 1, 2, 4, 8, 16, 32 என இரட்டித்துச் செல்வதையும் காட்டியுள்ளனர். பார்ப்பவருக்குக் கணக்கு தெரிவதில்லை. ஒலி எழும்பிப் பெருகுவது போன்ற உணர்ச்சி மட்டும் கிடைக்கிறது.

கண்ணின் கணக்கு

எழுத்து எவ்வளவு பெரியதாக இருக்க வேண்டும்? இதற்கு விடை தாளில் இல்லை, கண்ணில் இருக்கிறது.

ஒரு பாகையை அறுபது கூறாக்கினால் ஒரு கூற்றுக்குக் 'கலை' என்று பெயர். நல்ல பார்வையுள்ள கண், ஒரு கலை அளவுள்ள நுணுக்கத்தைப் பிரித்தறியும். ஆனால் பிரித்தறிவது வேறு, தடையின்றி வேகமாகப் படிப்பது வேறு. வேகமாகப் படிக்க, ஆங்கிலச் சிற்றெழுத்தான 'எக்ஸ்' கண்ணில் ஏறத்தாழ 12 கலைக் கோணத்தை உண்டாக்க வேண்டும் என்பது பார்வை பற்றிய ஆய்வுகளின் முடிவு. 40 செ.மீ. தொலைவில் இது 1.4 மி.மீ. உயரத்துக்குச் சமம்.

எழுத்தின் அளவைப் பாயிண்டில் சொல்வது வழக்கம். கணிப்பொறி அச்சில் ஒரு பாயிண்ட் 0.353 மி.மீ. ஹெல்வெட்டிகாவில் சிற்றெழுத்தின் உயரம் முழு அளவில் பாதிக்குச் சற்று மேல்; 0.52 என்று கொள்ளலாம். 6 பாயிண்டில் அந்த உயரம் 1.1 மி.மீ.தான். கண் கேட்கும் 1.4-ஐ அது எட்டவில்லை. 10 பாயிண்டிலோ 1.8 மி.மீ. கிடைக்கிறது.

ஆகவே நம் அழைப்பிதழுக்கு 10, 20, 40 பாயிண்ட் என மூன்றே அளவுகளை எடுத்துக்கொள்வோம். 12 கலைக் கணக்கைத் திருப்பிப் போட்டால், 10 பாயிண்ட் எழுத்தை ஏறக்குறைய அரை மீட்டரிலிருந்தும், 20 பாயிண்டை ஒரு மீட்டரிலிருந்தும், 40 பாயிண்டை இரண்டு மீட்டரிலிருந்தும் இலகுவாகப் படிக்கலாம் என்று தெரியவரும். கண்காட்சியின் தலைப்பு 40-இல், நாள், நேரம், இடம் 20-இல், விளக்கம் 10-இல். அழைப்பிதழைச் சுவரில் ஒட்டிவைத்துவிட்டு ஓர் எட்டு தள்ளி நின்றாலும் நாளும் நேரமும் தெரியும். கண்ணாடியை எங்கோ வைத்துவிட்டு அட்டையைக் கை நீட்டிப் பிடித்துப் பார்க்கும் ஐம்பது வயதுக்காரருக்கும் முக்கியமான செய்தி தப்பாது. மேலும் 20 பாயிண்ட் எழுத்து இரண்டு வரிப் படிகளிலும், 40 பாயிண்ட் எழுத்து மூன்று வரிப் படிகளிலும் அடங்குவதால், நாம் போட்ட 5 மி.மீ. ஒழுங்கு எங்கும் குலைவதில்லை.

வரி எவ்வளவு நீளம் இருக்கலாம்? படிக்கும்போது கண் வரிமேல் வழுக்கிச் செல்வதில்லை. தாவித் தாவிச் செல்கிறது. ஒரு தாவல் பெரும்பாலும் ஏழு முதல் ஒன்பது எழுத்துகள் வரை. ஒவ்வொரு நிறுத்தத்திலும் கால் விநாடி அளவு தங்குகிறது. வரி மிக நீண்டால், அடுத்த வரியின் தொடக்கத்துக்குத் திரும்பும்போது கண் வழி தவறும். மிகக் குறுகினால் ஓயாமல் திரும்பிக்கொண்டே இருக்க வேண்டும். நம் அட்டையில் இரண்டு பத்திகளைச் சேர்த்தால் 84 மி.மீ.; அதில் 10 பாயிண்டில் ஏறத்தாழ 48 எழுத்துகள், அதாவது ஏழெட்டு ஆங்கிலச் சொற்கள் கொள்ளும். விளக்கத்துக்கு இது ஏற்ற நீளம். ஒற்றைப் பத்தியில் 22 எழுத்துகளே கொள்ளும். நீண்ட கூட்டுச் சொற்கள் நிறைந்த ஜெர்மன் மொழிக்கு இது போதாது. எனவே ஒற்றைப் பத்தியில் நாள், முகவரி போன்ற சிறு துண்டுகளை மட்டும் வைக்கலாம்.

வலப்புற விளிம்பை ஏன் சமமாக்குவதில்லை என்பதும் இப்போது புரியும். குறுகிய வரியை இழுத்துச் சமமாக்கினால், மிஞ்சும் இடம் முழுவதும் சொற்களுக்கு இடையே பங்கிடப்படும். ஒரு வரியில் சொற்கள் நெருங்கியும் அடுத்த வரியில் விலகியும் நிற்கும். வலப்புறத்தை அதன் போக்கில் விட்டால், சொல்லிடைவெளி எங்கும் ஒரே அளவாக இருக்கும்.

பாணிக்குள் ஒரு சண்டை

இவ்வளவு கணக்கையும் கேட்டவுடன் உங்களுக்கு ஓர் ஐயம் எழலாம்: 'இதுதான் சரி, மற்றதெல்லாம் தவறு என்று சொல்லிவிட்டால் அது கொடுமையாகாதா?' இந்த ஐயம் அந்தப் பாணிக்காரர்களுக்குள்ளேயே எழுந்தது.

யான் சிக்கோல்ட் என்ற ஜெர்மானியர் 1928-இல் 'புதிய அச்சுக்கலை' பற்றி எழுதிய நூல் இப்பாணிக்கு வழிகாட்டிகளுள் ஒன்று. நடுவில் கோத்த வரிகளை அதில் அவர் கடுமையாகத் தாக்கினார். 1933-இல் நாட்சிகள் ஆட்சிக்கு வந்ததும் அவர் சிறைப்பட்டார். விடுதலையானதும் சுவிட்சர்லாந்துக்குத் தப்பி வந்து பாசலில் குடியேறினார். பின்னர் அவர் மனம் மாறிற்று. நூல்களுக்குப் பழைய நடுக்கோப்பு முறையே நல்லது என்று கூறத் தொடங்கினார். சுவிட்சர்லாந்தின் மாக்ஸ் பில் 1946-இல் இதைக் கண்டித்து எழுதினார். சிக்கோல்டும் பதில் எழுதினார். தாமே வகுத்த புதிய அச்சுக்கலையின் பிடிவாதத்தில், தம்மைச் சிறையிலிட்ட நாட்சிகளின் சகிப்பின்மைக்கு ஒப்பான ஒன்றைக் காண்பதாகக் கூறினார்.

மற்றோர் எதிர்ப்பு பாசல் பள்ளிக்குள்ளிருந்தே வந்தது. வூல்ஃப்காங் வைங்கார்ட் அச்சுக்கோக்கும் தொழிலைக் கற்றவர். 1968-இல் அப்பள்ளியில் ஆசிரியரான அவர், எழுத்துகளை விலக்கியும், வரிகளைப் படிக்கட்டுபோல் அடுக்கியும், படச்சுருள்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்தும் பல சோதனைகளைச் செய்தார். அவருக்கு அந்த இடத்தைக் கொடுத்தவர்கள் யார்? ஒழுங்கின் காவலர்களான ரூடரும் ஹோஃப்மனுமே!

ரூடர் வற்புறுத்திய கருத்து ஒன்றை இங்கு நினைக்க வேண்டும். எழுத்தால் செய்தியை அறிவிப்பதே அச்சுக்கலையின் கடமை. படிக்க முடியாத அச்சு பயனற்ற பொருள் என்பது அவர் கொள்கை. அப்படியானால் எது மாறக் கூடாதது என்பது தெளிவாகிறது. ஹெல்வெட்டிகா மாறலாம்; சிவப்பு மாறலாம்; மூன்று பத்தி ஆறாகலாம், ஒன்றாகலாம். வருகிறவருக்கு வழி தெரிய வேண்டும் என்பது மட்டும் மாறக் கூடாது. கட்டம் இருப்பது வடிவமைப்பாளருக்காக அன்று, விருந்தினருக்காக.

புதுப்பிக்கும் வழி

இந்த உரைகல்லைக் கையில் வைத்துக்கொண்டு நம் அழைப்பிதழைத் திரைக்குக் கொண்டுபோவோம்.

முதலாவது கட்டம். கைப்பேசித் திரை நம் அட்டையின் அகலத்தில் பாதியளவே இருக்கும். 148 மி.மீ. அட்டையை அப்படியே படம்பிடித்து அதில் காட்டினால், 10 பாயிண்ட் எழுத்து 5 பாயிண்டாகிவிடும். கண்ணின் கணக்கில் அது தோற்றுவிடும். எனவே சுருக்குவது தவறு. அடுக்கை மாற்றுவதே சரி. மூன்று பத்திகள் ஒன்றன்கீழ் ஒன்றாக ஒரே பத்தியாகட்டும். எழுத்தின் அளவும் வரிப்படியும் அப்படியே இருக்கட்டும். ஆனால் எதன்கீழ் எது வர வேண்டும்? தாளிலே செய்திகளை முக்கியத்துவப்படி வரிசைப்படுத்தியவருக்கு இங்கே திகைப்பு இல்லை. தலைப்பு, நாள், நேரம், இடம், பிறகு விளக்கம். அழகுக்காக மட்டும் மூலைகளில் எழுத்தைச் சிதறவிட்டவர் இந்த இடத்தில் மாட்டிக்கொள்வார்.

இரண்டாவது எழுத்து. ஈய எழுத்துக் காலத்தில் 6 பாயிண்டுக்கு ஓர் அச்சு, 20 பாயிண்டுக்கு வேறோர் அச்சு எனத் தனித்தனியே வெட்டுவார்கள். சிற்றளவில் இடைவெளியைச் சற்றுக் கூட்டுவார்கள். கணிப்பொறி வந்தபின் ஒரே வரைபடத்தைப் பெருக்கியும் சுருக்கியும் எல்லா அளவுக்கும் பயன்படுத்தும் வழக்கம் ஏற்பட்டது. சிற்றளவில் எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதுபோல் தோன்றியதற்கு இது ஒரு காரணம். 2019-இல் வெளியான 'ஹெல்வெட்டிகா நவ்' இக்குறையைப் போக்க நுண்ணளவு, உரையளவு, தலைப்பளவு என மூன்று வரைபடங்களைக் கொண்டு வந்தது. புதுப்பித்தல் சில வேளைகளில் பழைய கைவினைஞரின் அறிவுக்குத் திரும்புவதாகவும் இருக்கிறது!

ஃப்ருட்டிகர் தம் யூனிவர்ஸ் எழுத்தை 21 வகைகளாக வரைந்து, அவற்றுக்குப் பெயருக்குப் பதில் ஈரிலக்க எண்களை இட்டார். முதல் இலக்கம் தடிமனைக் குறிக்கும்; இரண்டாவது அகலத்தையும் சாய்வையும் குறிக்கும். நடுவில் இருப்பது 55. வேதியியல் தனிம அட்டவணைபோல் அமைந்த ஏற்பாடு இது. 2016-இல் அடோபி, ஆப்பிள், கூகுள், மைக்ரோசாஃப்ட் ஆகிய நான்கு நிறுவனங்களும் சேர்ந்து அறிவித்த 'மாறும் எழுத்துரு' முறை, இந்த எண்களுக்கு இடையிலிருந்த இடைவெளிகளையும் நிரப்பிவிட்டது. ஒரே கோப்பில் தடிமனைத் தொடர்ச்சியாகக் கூட்டலாம், குறைக்கலாம்.

இதற்கு ஒரு நல்ல பயன் உண்டு. கறுப்புத் தரையில் உள்ள வெள்ளைப் பொருள், வெள்ளைத் தரையில் உள்ள அதே அளவுக் கறுப்புப் பொருளைவிடப் பெரியதாகத் தோன்றும். ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஆராய்ந்த ஒளிப்பரவல் மயக்கம் இது. கைப்பேசியில் இரவு வேளையில் கரிய தரையில் வெள்ளெழுத்து வரும்போது எழுத்து தடித்துத் தோன்றுவதும் இதனால்தான். அப்போது தடிமனைச் சிறிது குறைத்தால் இரண்டும் ஒத்துத் தோன்றும்.

மூன்றாவது நிறம். சுவிஸ் பாணி என்றதும் பலர் வெள்ளையில் சிவப்பை வாரி இடுவர். நம் கண் பச்சைக்கு மிகுதியாகவும், சிவப்புக்குக் குறைவாகவும், நீலத்துக்கு மிகக் குறைவாகவும் இசைகிறது. வெள்ளைத் திரையின் ஒளிர்வை 1 என்று கொண்டால், முழுச் சிவப்பின் ஒளிர்வு 0.21. உலகளாவிய வலைக் கூட்டமைப்பு 2008-இல் வெளியிட்ட நெறிப்படி, இரண்டு ஒளிர்வுகளோடும் 0.05-ஐக் கூட்டி, பெரியதைச் சிறியதால் வகுக்க வேண்டும். 1.05-ஐ 0.26-ஆல் வகுத்தால் கிடைப்பது 4. சிறிய எழுத்துக்கு வேண்டியது 4.5; 18 பாயிண்டும் அதற்கு மேலும் உள்ள எழுத்துக்கு 3 போதும். ஆகவே நம் 40 பாயிண்ட் தலைப்பு சிவப்பில் வரலாம். 20 பாயிண்ட் நாளும் வரலாம். 10 பாயிண்ட் விளக்கம் சிவப்பில் வரக் கூடாது. ஐரோப்பிய ஆண்களில் ஏறத்தாழ நூற்றுக்கு எட்டுப் பேருக்குச் சிவப்பு-பச்சை நிறக்குறை உண்டு என்பதையும் மறக்கலாகாது. ஆதலால் நிறம் ஒன்றை மட்டும் நம்பி எந்தச் செய்தியையும் வேறுபடுத்தக் கூடாது. அளவும் இடமும் துணை நிற்க வேண்டும்.

நாள், நேரம் ஆகியவற்றைச் சாம்பல் நிறத்தில் 6 பாயிண்டில் இட்டு, பக்கவாட்டில் திருப்பி வைத்து, 'இதுதான் நவீனம்' என்று சொல்லும் அழைப்பிதழ்களும் உண்டு. அவற்றில் சுவிஸ் பாணியின் உடை இருக்கலாம், உயிர் இல்லை.

நீங்களே அளந்து பாருங்கள்

அறிவியலில் படித்ததைச் செய்து பார்க்க வேண்டும். இந்த இதழின் இந்தப் பக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு ஓரங்களையும், பத்தியின் அகலத்தையும், அடுத்தடுத்த இரு வரிகளின் இடைத்தூரத்தையும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பத்து வரிகளை ஒன்றாக அளந்து பத்தால் வகுத்தால் பிழை குறையும். பத்தியின் உயரம் வரிப்படியால் மிச்சமின்றி வகுபடுகிறதா என்று பாருங்கள். பிறகு பக்கத்தைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு மெல்லப் பின்னோக்கி நடந்து, தலைப்பு எந்தத் தொலைவில் மங்குகிறது, உரை எந்தத் தொலைவில் மங்குகிறது என்று குறியுங்கள். உங்கள் வீட்டில் வயதில் மூத்த ஒருவரையும் இதைச் செய்யச் சொல்லி இரண்டு அளவுகளையும் ஒப்பிடுங்கள்.

அடுத்த முறை ஓர் அழைப்பிதழ் உங்கள் கைக்கு வரும்போது, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு அந்த மூன்று வினாக்களையும் கேளுங்கள்: என்ன? எப்போது? எங்கே? மூன்றுக்கும் சில விநாடிகளில் விடை கிடைத்துவிட்டால், அதை அமைத்தவர் உங்களை நினைத்து அளவுகோலைக் கையில் எடுத்தவர் என்று அறிந்துகொள்ளலாம். அவருக்கு எந்தப் பாணி என்று பெயரிட்டாலும் சரிதான்.